நிலாவெளி புறாத் தீவு: முருகைக்கல் மேல் ஏறி நிற்காதீர்கள்!

புறாத் தீவுக்குப் போய்வந்தேன் என்றதும் பலரும் கேட்பது செலவைத்தான் என்பதால் அதை முதலில் சொல்கிறேன். திருகோணமலையிலிருந்து நிலாவெளிக்கு பஸ் மலிவு. மலிவு அதோடு சரி. நுழைவுச்சீட்டு, சேவைக் கட்டணம், வரி, படகு, நீர்க்கண்ணாடிக்கும் மூச்சுக்குழாய்க்கும் வாடகை என்று பை காலியாகிக்கொண்டே போகிறது. இரண்டு பேர் போனாலும் முழுப் படகுக்கும் பணம் கேட்டார்கள். தீவோ கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான்!

"அண்ணை, அந்தக் குடும்பத்தோடு எங்களையும் சேர்த்து விடுங்கள்" என்றேன்.

"அவர்கள் தனியாகத்தான் போவார்களாம், தம்பி" என்றார் படகுக்காரர்.

அவர்களிடம் அவர் கேட்கவே இல்லை. நாங்களே போய்ப் பேசியதும் மகிழ்ச்சியோடு சம்மதித்தார்கள். பாதிப் பணம் மிச்சம். நீங்களும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

இனி மற்றச் செலவுகளை எழுத வேண்டும். ஆனால் அந்தச் சுறாக்களைச் சொல்லாமல் எழுத முடியவில்லை. இடுப்பளவுத் தண்ணீரில், துடுப்பின் நுனி மட்டும் கறுத்த சுறாக்கள் என்னைத் தாண்டிப் போயின! பயப்பட வேண்டாம், துரத்தாமல் இருந்தால் அவை தம் வழியே போய்விடும். அடியில் தட்டுத் தட்டாகவும் கிளை கிளையாகவும் முருகைக்கற்கள், அதாவது பவளப்பாறைகள். கிளிமீன்கள் அவற்றைக் கொறிக்கும் சத்தம் நீருக்குள் தெளிவாகக் கேட்கிறது. பாசிக்காகக் கல்லையும் சேர்த்துக் கடித்து, அதை மணலாகக் கழித்துவிடும் மீன்கள் அவை. பிறகு ஓர் அழுங்காமை வந்தது. அதன் பின்னால் எவ்வளவு நேரம் மிதந்தேன் என்றே தெரியாது.

அந்த மகிழ்ச்சியைக் கெடுத்தவர்கள் மனிதர்கள். நீந்தத் தெரியாதவர்களுக்கு மிதவை அங்கியை மாட்டி ஆழமற்ற இடத்தில் இறக்கி விடுகிறார்கள். கால் ஊன்ற இடம் தேடும்போது அவர்கள் வேறு எதன் மேல் நிற்பார்கள்? முருகைக்கல் மேல்தான். நுண்ணிய உயிர்கள் கூடிக் கட்டியது அது. அவற்றின் உடலுக்குள் வாழும் பாசிதான் பெரும்பகுதி உணவைக் கொடுக்கிறது. கடல் சூடேறினால் அந்தப் பாசி வெளியேறிவிடும், முருகை வெளுத்துவிடும். ஏற்கெனவே வெப்பத்தில் தவிக்கும் உயிரை மிதிப்பது கொடுமை. 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவித்துக் காத்த இடம் இது. இத்தனை கட்டணம் வாங்குகிறவர்கள், படகு ஏறுமுன் ஐந்து நிமிடம் இதைச் சொல்ல ஓர் ஆளை நிறுத்தக் கூடாதா? எங்களுக்கு யாரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

மே முதல் செப்டம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும். காலையிலேயே போங்கள், கூட்டம் குறைவு. வெயிலுக்குக் களிம்பு பூசாமல் முழுக்கைச் சட்டை அணியுங்கள். சில களிம்புகள் முருகைக்குக் கேடு. தீவில் கடை இல்லை, தண்ணீர் கொண்டுபோய் வெற்றுப் போத்தலைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். கரைக்கு வந்ததும் வீதியோரச் சிறு கடையில் சோறும் கணவாய்க் கறியும் சாப்பிட்டோம். அந்த நாளில் கொடுத்த விலைக்கு மேலாகவே கிடைத்தது அந்தச் சாப்பாடு ஒன்றுதான்.