சீன மெட்ரோ: ஏறுமுன் அந்தப் பாதை திறந்த ஆண்டைப் பாருங்கள்

1990இல் சீன நிலப்பரப்பில் பெய்ஜிங், தியான்ஜின் என இரண்டே நகரங்களில்தான் சுரங்க ரயில் இருந்தது. இன்று டிராம், இலகு ரயில் எல்லாம் சேர்த்து 50க்கும் மேற்பட்ட நகரங்களில் நகர ரயில் ஓடுகிறது. மொத்த நீளம் 10,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. வெளியூர்க்காரர் பெரும்பாலும் பாதை எண்ணையும் நிறத்தையும் மட்டும் பார்த்துக்கொண்டு அலைகிறார். அந்தப் பாதை எந்த ஆண்டு திறந்தது என்று தெரிந்தால், எங்கே அதிகம் நடக்க வேண்டியிருக்கும், எங்கே நெரிசல் இருக்கும் என்பதை முன்கூட்டியே ஊகித்துவிடலாம்.

பெய்ஜிங்கில் தொடங்கலாம். 1965 ஜூலையில் வேலை ஆரம்பித்து 1969 அக்டோபர் 1 அன்று முதல் ரயிலை ஓட்டினார்கள். போர் வந்தால் மக்கள் பதுங்க இடம் வேண்டும் என்ற கணக்கும் அதில் இருந்தது. அதனால் முதலில் எல்லோரையும் ஏற்றவில்லை. 1971இல் பணியிடத்திலிருந்து அறிமுகக் கடிதம் கொண்டுவந்தவர்களுக்குத்தான் டிக்கெட் கிடைத்தது. முழுமையாகத் திறந்துவிட்டது 1981இல். 2ஆம் பாதை வளையமாக ஓடுவது இடிக்கப்பட்ட பழைய நகர மதிலின் தடத்தில். அதன் நிலையங்கள் பலவும் பழைய கோட்டை வாசல்கள் நின்ற இடங்களில் இருக்கின்றன. தரையைத் தோண்டிப் பெட்டி போலக் கட்டி மேலே மூடிய பாதை என்பதால் ஆழம் குறைவு. ஆனால் படிகள் அதிகம், எஸ்கலேட்டர் எல்லா வாசலிலும் இருக்காது. பெரிய பெட்டியோடு வருபவர் லிஃப்ட் எந்த வாசலில் என்று முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

பழைய பாதைகளைப் போட்டபோது, பின்னால் இன்னொரு பாதை வந்து இணையும் என்று யாரும் இடம் விடவில்லை. சீஜிமென் நிலையத்தில் அதன் விளைவைக் காலால் உணரலாம். 2ஆம் பாதை 1980களில் வந்தது, கீழே இருக்கிறது. 13ஆம் பாதை 2002இல் வந்தது, அது மேலே. 4ஆம் பாதை 2009இல் சேர்ந்துகொண்டது. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற நீண்ட நடை, படி, மறுபடி நடை. பெட்டி இருந்தால் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். அங்கிருந்து 4ஆம் பாதையில் இரண்டே நிறுத்தம் தள்ளி தேசிய நூலக நிலையம். 4, 9 பாதைகள் இரண்டும் அங்கே ஒரே நடைமேடையின் இரு பக்கமும் நிற்கின்றன. இறங்கி, எதிர்ப்பக்கம் பத்தடி நடந்து ஏறினால் வேலை முடிந்தது.

பெய்ஜிங்கின் வாசல் எழுத்துகள் ஒரு நல்ல ஏற்பாடு. பெரும்பாலான நிலையங்களில் ஏ வடமேற்கு, பி வடகிழக்கு, சி தென்கிழக்கு, டி தென்மேற்கு. இது தெரிந்தால் அகலச் சாலையின் தவறான பக்கத்தில் வெளிவந்து பாதசாரிப் பாலம் தேட வேண்டாம். ஷாங்காயில் வாசல்களுக்கு எண்தான். அங்கே இந்தக் கணக்கு உதவாது.

மெட்ரோ ஒரே சீராகப் பெருகவில்லை. 1995இல் மத்திய அரசு புதிய திட்டங்களுக்கு அனுமதியையே நிறுத்தியது. ஷாங்காயும் குவாங்சோவும் ஜெர்மனியிலிருந்து ரயில்களை வாங்கியதில் செலவு கைமீறிப் போயிருந்தது. 1999இல், கருவிகளில் குறைந்தது 70% உள்நாட்டில் செய்யப்பட வேண்டும் என்ற நிபந்தனையோடு கதவு மறுபடி திறந்தது. 2003இல் மெட்ரோ கேட்கும் நகரத்துக்கு அளவுகோல் வைத்தார்கள்: 30 லட்சம் நகர மக்கள்தொகை, 100 பில்லியன் யுவான் உற்பத்தி, 10 பில்லியன் யுவான் உள்ளூர் வருவாய். 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு பணம் கொட்டியதும் வரிசை நீண்டது. கடன் ஏறவே 2017இல் பாவ்தோ நகரத் திட்டம் நின்றுபோனது. 2018இல் உற்பத்தி, வருவாய் வரம்புகளை மூன்று மடங்காக்கினார்கள். சீனாவில் எல்லாம் நினைத்த மாத்திரத்தில் நடக்கும் என்பவர்கள் இந்தத் தடைகளைக் கணக்கில் எடுப்பதில்லை.

ஷாங்காய் 1993இல் தொடங்கி, இன்று 800 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. அங்கே மண்தான் எதிரி. நீர் ஊறிய வண்டலும் களியும். இரு சுரங்கங்களுக்கு நடுவே குறுக்கு வழி தோண்டும்போது, மண்ணுக்குள் குழாய்களை இறக்கிக் குளிரூட்டிய உப்புநீரை ஓட்டி, சுற்று மண்ணைக் கல்லாக உறையவைத்து, பிறகு வெட்டுவார்கள். 2003 ஜூலை 1 அன்று 4ஆம் பாதையில் ஹுவாங்பு ஆற்றருகே அந்த உறைவு போதவில்லை. நீரும் மணலும் பீறிட்டு உள்ளே புகுந்தன, மேலே கட்டடங்கள் சாய்ந்தன, ஆற்றுத் தடுப்புச் சுவரும் இறங்கியது. வளையமாக ஓடும் அந்தப் பாதை முழுமையானது 2007 கடைசியில்தான்.

அந்த 4ஆம் பாதையும் 3ஆம் பாதையும் ஹோங்சியாவ் சாலை முதல் பாவ்ஷான் சாலை வரை ஒன்பது நிலையங்களில் ஒரே தண்டவாளத்தில் ஓடுகின்றன. மஞ்சள் 3, ஊதா 4. வந்த ரயிலில் ஏறிவிட்டால் வேறு திசைக்குப் போய்விடுவீர்கள். ரயிலின் நெற்றிப் பலகையைப் பார்த்து ஏறுங்கள். ஷாங்காய் ரயில் நிலையத்தில் 1ஆம் பாதையிலிருந்து 3, 4க்கு மாற டிக்கெட் கேட்டை விட்டு வெளியே வர வேண்டும். அட்டையோ கியூஆர் கோடோ வைத்திருந்து 30 நிமிடத்துக்குள் மறுபடி நுழைந்தால் ஒரே பயணமாகக் கணக்காகும். ஒற்றைப் பயண டிக்கெட்டுக்கு அந்தச் சலுகை இல்லை.

குவாங்சோவின் 3ஆம் பாதை மணிக்கு 120 கிலோமீட்டர் ஓடும். ஆனால் தொடக்கத்தில் மூன்று பெட்டி ரயிலை விட்டார்கள். கூட்டத்தைக் குறைத்து மதிப்பிட்டதன் பலனை இன்றும் காலை நேரத்தில் நெருக்கியடித்து அனுபவிக்கிறார்கள். பிறகு இரண்டு ரயில்களைச் சேர்த்து ஆறு பெட்டியாக்கினாலும் தீரவில்லை. 2021இல் திறந்த 18ஆம் பாதை 160 கிலோமீட்டர் வேகம். ஷென்சென் விமான நிலையத்துக்குப் போகும் 11ஆம் பாதையில் எட்டுப் பெட்டிகளில் இரண்டு சொகுசுப் பெட்டி, கட்டணம் மூன்று மடங்கு. கதவு திறந்ததே என்று சாதாரண டிக்கெட்டில் அதில் ஏறாதீர்கள்.

சோங்சிங் தனி ரகம். மலையும் ஆறும் நெருக்கும் ஊரில் ஏற்றமும் கூர்மையான வளைவும் சமாளிக்க ரப்பர் டயர் ஒற்றைத் தண்டவாள ரயிலைத் தேர்ந்தெடுத்தார்கள், ஜப்பானியத் தொழில்நுட்பம். 2ஆம் பாதை 2005இல் ஓடத் தொடங்கியது. லிஸிபா நிலையத்தில் ரயில் குடியிருப்புக் கட்டடத்துக்குள் புகுந்து வெளியேறுகிறது. இரண்டையும் ஒன்றாகத் திட்டமிட்டு, தூண்களைத் தனித்தனியாக நிறுத்தியிருப்பதால் ரயிலின் அதிர்வு வீடுகளுக்கு ஏறுவதில்லை. படமெடுக்க நிலையத்துக்குள் நின்று பயனில்லை. கீழே ஆற்றோரச் சாலையில் பார்வையாளர் மேடை இருக்கிறது. 2022இல் திறந்த 9ஆம் பாதையின் ஹோங்யான்சுன் நிலையம் 116 மீட்டர் ஆழம். எஸ்கலேட்டர் மாற்றி எஸ்கலேட்டர் ஏறி வெளியே வருவதற்குள் அடுத்த பேருந்து போய்விடும்.

சியானில் மணிக்கூண்டின் அடித்தளத்தைத் தொடாமல் 2ஆம் பாதையின் இரு சுரங்கங்களும் ஆளுக்கொரு பக்கம் விலகிப் போகின்றன. ஜினானில் ஊற்றுகளின் நீரோட்டம் கெடுமென்று பழைய நகரத்தைத் தள்ளியே 1ஆம் பாதையைப் போட்டார்கள். செங்சோவில் 2021 ஜூலை 20 அன்று ஒரு மணி நேரத்தில் 201.9 மி.மீ. மழை பெய்து, பணிமனை வழியாக 5ஆம் பாதைக்குள் வெள்ளம் புகுந்தது. 14 பேர் இறந்தார்கள். பெருமழை எச்சரிக்கை இருக்கும் நாளில் நிலையத்தை மூடினால் முணுமுணுக்காமல் வெளியேறுங்கள்.

நடைமுறைக்கு வருவோம். பெரும்பாலான ஊர்களில் நுழைவில் பையை எக்ஸ்-ரே இயந்திரத்தில் போட வேண்டும். திறந்த தண்ணீர் பாட்டிலைச் சோதிப்பார்கள், சில இடங்களில் ஒரு மிடறு குடித்துக் காட்டச் சொல்வார்கள். கத்தி, தெளிப்பான் கொண்டுபோகாதீர்கள்.

பணம் செலுத்தும் செயலியான அலிபேயில் போக்குவரத்துப் பகுதியில் ஒவ்வொரு நகரத்துக்கும் தனிக் கியூஆர் கோடு. ஊர் மாறியதும் நகரத்தையும் மாற்ற வேண்டும். கடவுச்சீட்டுச் சரிபார்ப்பைக் கிளம்புமுன் நம் ஊரிலேயே முடித்துவிடுங்கள். ஒரு கோடில் இருவர் போக முடியாது. நுழைந்த அதே கோடில் வெளியேற வேண்டும். சிக்கினால் கேட் ஓரத்துச் சேவை மையத்தில் பேசிச் சரிசெய்யலாம். பெய்ஜிங்கில் 2024 முதல் வெளிநாட்டு விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளை கேட்டிலேயே தட்டலாம். இந்திய அட்டை என்றால் வெளிநாட்டுப் பயன்பாடு, தொடாமல் செலுத்தும் வசதி இரண்டையும் வங்கிச் செயலியில் முன்பே இயக்கி வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கேட் திறக்காது. டிக்கெட் இயந்திரத்துக்கு 5, 10 யுவான் நோட்டுகள் கையில் இருக்கட்டும்.

கடைசி ரயில் பெரும்பாலும் இரவு பதினொரு மணியை ஒட்டித்தான். ஆனால் அது பாதைக்கு ஒன்று, திசைக்கு ஒன்று. ஏறும் பாதையின் கடைசி ரயிலைப் பிடித்துவிட்டாலும் மாறும் நிலையத்தில் அடுத்த பாதை மூடியிருக்கலாம். நடைமேடைப் பலகையில் கடைசி நேரம் ஒவ்வொரு திசைக்கும் எழுதியிருக்கும். நீங்கள் மாறப் போகும் நிலையத்தின் நேரத்தை வரைபடச் செயலியில் தனியாகப் பாருங்கள், அதற்கு அரை மணி நேரம் முன்பே அங்கே போய்ச் சேரும்படி கிளம்புங்கள்.