செல்மா முதல் மாண்ட்கோமரி வரை 87 கிலோமீட்டர்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள செல்மா ஊரின் எட்மண்ட் பெட்டஸ் பாலம் நடுவில் மேடேறி இறங்கும். 1965 மார்ச் 7 அன்று வாக்குரிமை கேட்டு மாநிலத் தலைநகர் மாண்ட்கோமரியை நோக்கி நடந்த கறுப்பின மக்களுக்கு, உச்சிக்கு வந்த பிறகுதான் எதிரே தடியோடு நின்ற போலீஸ் தெரிந்தது. அடித்து விரட்டினார்கள்.

மார்ச் 21-ல் நீதிமன்ற அனுமதியோடு மறுபடி கிளம்பினார்கள். வழியில் லௌண்ட்ஸ் கவுண்டியில் (மாவட்டம் போன்ற பகுதி) நெடுஞ்சாலை 80 இரண்டே தடமாகக் குறுகியதால், அங்கே 300 பேருக்கு மேல் நடக்கக் கூடாதென்று நீதிபதி உத்தரவு. மழை வேறு, கூடாரம் அடித்த வயலெல்லாம் சேறு.

24-ம் தேதி இரவு, மாண்ட்கோமரியின் செயின்ட் ஜூட் என்ற கத்தோலிக்க வளாகத்தில் கச்சேரி. சவப்பெட்டி வந்த மரக்கூடுகளை அடுக்கித்தான் மேடையே போட்டார்கள். அதில் நின்று ஹாரி பெலஃபான்டேயும் நினா சிமோனும் பாடினார்கள். நடந்து களைத்த கால்களுக்கு அந்தப் பாட்டு எத்தனை பெரிய ஆதரவு! மறுநாள் மாநில சட்டமன்றக் கட்டடத்தின் வாசலில் சுமார் 25,000 பேர். ஆகஸ்ட் 6-ல் வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது.