வாசிக்கத் தெரியாத கடதாசியில வச்ச கையெழுத்து

யாழ்ப்பாணம் திரும்பி ரெண்டு கிழமையாச்சு, அந்தப் பென்சில்வேனியா மழை இன்னும் மனசில கிடக்குது. பிட்ஸ்பர்க்கில அண்ணா வீட்டில நிக்கேக்க, ஜோர்ஜ் வாஷிங்டன் இளவயசில படையோட திரிஞ்ச இடங்களைக் காரில போய்ப் பாப்பமெண்டு கேட்டன், பெறாமகளும் தானும் வாறன் எண்டு வெளிக்கிட்டாள்.

முதல் வாட்டர்ஃபோர்ட். 1753இல 21 வயசுப் பெடியன், வேர்ஜீனியா ஆளுநர் டின்விடியின்ர கடிதத்தைக் கொண்டுபோய் அங்க இருந்த பிரெஞ்சுக் கோட்டையில இடத்தை விட்டுப் போங்கோ எண்டு குடுக்க, அவை மரியாதையாக் கதைச்சு மாட்டம் எண்டு அனுப்பிப்போட்டினம். திரும்பி வரேக்க மார்கழிக் குளிரில அலெகெனி ஆத்தில தெப்பத்தால விழுந்து, ராமுழுக்க ஒரு குட்டித்தீவில நடுங்கி, விடிய உறைஞ்சு கிடந்த ஆத்துக்கு மேலால நடந்து வந்தவர்.

அடுத்த நாள் நெசசிட்டி கோட்டை. எங்கட கோட்டை மாதிரி கல்லு மதிலும் அகழியும் இருக்குமெண்டு நினைச்சுப் போனா, புல்வெளி நடுவில மரக்குத்தியளை வட்டமா நட்டு வச்சிருக்கு, பழைய இடத்திலயே திரும்பக் கட்டினது, குறுக்கால 53 அடிதான், எங்கட பின்வளவுக்குள்ள அடங்கும். அண்டைக்கும் சரியான மழை. 1754 ஆடி 3ஆம் திகதி, வாஷிங்டன்ர இந்தக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர் வந்து அடிச்சண்டும் மழைதான், வெட்டின குழியெல்லாம் தண்ணி, வெடிமருந்து நனைஞ்சு போச்சு. ராவில சரணடையிற பத்திரம் வருது, முழுக்கப் பிரெஞ்சு. வாஷிங்டனுக்குப் பிரெஞ்சு தெரியாது. அவற்ர படையில இருந்த வான் பிராம் எண்ட டச்சுக்காரர் மெழுகுதிரி வெளிச்சத்தில, ஈரத்தில மை ஊறின கடதாசியைப் பாத்துச் சொல்லச் சொல்ல, இவர் கையெழுத்து வச்சிட்டார். ரெண்டு மாசத்துக்குள்ள முன்னம் வாஷிங்டன்ர ஆக்களோட நடந்த சண்டையில செத்த ஜுமோன்வில் எண்ட பிரெஞ்சு அதிகாரியை 'படுகொலை' செய்ததெண்டு அதுக்குள்ள எழுதியிருந்தது. தங்களுக்கு வான் பிராம் அதைச் 'சாவு' எண்டுதான் சொன்னவர் எண்டு வாஷிங்டன் பிறகு சொன்னார், ஆனா கையெழுத்து கையெழுத்துத்தானே.

"சித்தப்பா, வாசிக்காமல் ஏன் சைன் வச்சவர்?" எண்டு பெறாமகள் கேட்டாள். குடைக்குக் கீழ நிண்டு அவளின்ர அப்பப்பான்ர கதையைச் சொன்னன். ஒரு கந்தோரில தனிச் சிங்களத்தில எழுதின வாக்குமூலத்தில கையெழுத்து வச்சிட்டு வந்த அண்டைக்கு, பெருவிரலில பிரண்ட நீல மையோட, அதில என்ன எழுதிச்சினமோ எண்டு விடியவிடிய விறாந்தையில நடந்தவர்.

தோத்த அந்தப் புல்வெளியை வாஷிங்டன் 1770இல காசு குடுத்து வாங்கி, சாகுமட்டும் வச்சிருந்தவர். அப்பா அந்தக் கந்தோர் ரோட்டால பிறகு போனதேயில்லை, எவ்வளவு அவசரமெண்டாலும் சைக்கிளை ஒழுங்கைக்குள்ளால சுத்தித்தான் விடுவார்.