சீகை

ஜூன் 7
ராத்திரி முழுக்கக் காய்ச்சல். தூக்கத்தில் அப்பா, "குழி ஆழம் பத்தலை" என்கிறார். சாணால் கட்டில் ஓரத்தை அளக்கிறார்.

ஜூன் 8
பெரிய டாக்டர் வரவில்லை.

ஜூன் 9
ஊட்டியில் மழை விடவில்லை. பையில் இருப்பது மொழியியலாளர் எமனோ தொகுத்த, நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் பாடல்கள். 1971-ல் வந்த புத்தகம், ஆனால் மனிதர் 1935-லேயே இந்த மலைக்கு வந்து பாட்டுக் கேட்டிருக்கிறார். பாட்டில் ஒரு சொற்கட்டு வந்தால் பின்னாலேயே ஜோடியும் வந்தாக வேண்டும். அவர்களுடைய தொழுகையிலும் பெரும்பகுதி பெயர்கள்தான். மலை, ஓடை, எருமைத் தொழுவம் என்று ஒவ்வொன்றையும் அதற்கான பெயர் சொல்லி, "இதன் பொருட்டு" என்று அடுக்கிக்கொண்டே போய், எருமைக்கு நோய் வேண்டாம் என்ற வேண்டுதல் அப்புறம்தான் வருகிறது. பள்ளிக்கூடம் போகும்போது நான் வெறும் மேடு என்று தாண்டிப்போன இடங்களாகக்கூட இருக்கும்.

ஜூன் 10
கஞ்சி, இரண்டு கரண்டி.

ஜூன் 12
தெளிவாக இருந்தார். கேட்டுவிட்டேன். "நீங்க சீகை மரம் நட்ட எடத்துல முன்னாடி என்னப்பா இருந்துச்சு?"
"ஒண்ணுமில்ல. புல்லு."

அந்த ஒண்ணுமில்லதான் மழையைப் பிடித்து வைத்துக் கோடையிலும் ஓடையைக் கசியவிட்டது. சீகை என்கிற வாட்டில் மரத்தின் விதையோ மண்ணுக்குள் பல வருஷம் தூங்கும். மரத்தை வெட்டினாலும் தீ வைத்தாலும் விழித்துக்கொண்டு கீரைப்பாத்தி மாதிரி முளைக்கும். தோல் பதனிடப் பட்டை வேண்டும் என்றார்கள், நட்டார். தினக்கூலி. அந்தக் கூலியில்தான் நான் படித்தேன். இதை யாரிடம் கோபித்துக்கொள்வது?

ஜூன் 13
மந்திலிருந்து, அதாவது தோடர் குடியிருப்பிலிருந்து, அப்பாவின் பழைய சிநேகிதர் வந்தார். போர்த்தியிருந்த பூத்துக்குளிச் சால்வையில் மழை ஈரம். "கோயிலுக்குக் கூரை மாத்தணும்ணா. பக்கத்துல புல் இல்ல, ரொம்ப தூரம் போகணும்." எந்தப் பக்கம் என்று அப்பா கேட்டார். அவர் மலையின் பெயரைச் சொன்னார். அப்பாவுக்குப் பிடிபடவில்லை. கையால் சரிவைக் காட்டியதும் "ஓ, நம்ம மூணாம் பிளாட்" என்றார். சிநேகிதர் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

ஜூன் 14
விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பி, "அந்த மலைக்கு அவன் என்ன பேர் சொன்னான்?" என்றார். எனக்கும் ஞாபகம் வரவில்லை. போன் போட்டேன், எடுக்கவில்லை. ஸ்கேனுக்குத் தள்ளுவண்டி வந்துவிட்டது.