காற்று எங்கே நிற்கிறது: அடைத்துக்கொண்ட வென்ட்டைத் தேடிய கதை

என் காருக்குப் பெட்ரோல் போடும்போது டேங்க் பாதிகூட நிறையாது, அதற்குள் கன் டக் டக்கென்று நின்றுவிடும். கொஞ்ச நாளில் டேங்க் மூடியைத் திறந்தால் உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுக்கும் சத்தமும் சேர்ந்துகொண்டது. செக் இன்ஜின் விளக்கு எரிந்தது அதற்குப் பிறகுதான். ஸ்கேனரில் வந்த பிழைக் குறியீடு பி0446.

வென்ட், அதாவது டேங்க்குக்குக் காற்று வந்துபோகும் வழி, அதன் கட்டுப்பாட்டில் கோளாறு என்பதோடு அந்தக் குறியீடு நிறுத்திக்கொள்ளும். வால்வா, ஒயரா, பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கேனிஸ்டர் டப்பாவா, வெளியே போகும் குழாயா என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். வண்டியைக் காட்டிய இடத்தில், "கேனிஸ்டரோட மொத்தமா மாத்திடலாம்" என்றார்கள். காற்று எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் பாகம் வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அதனால் நானே பார்க்க உட்கார்ந்தேன்.

டேங்க்கில் பெட்ரோல் எப்போதும் ஆவியாகிக்கொண்டே இருக்கும். கேனிஸ்டரில் உள்ள கரி அந்த ஆவியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இன்ஜின் ஓடும்போது, கேனிஸ்டருக்கும் இன்ஜினுக்கும் இடையே இருக்கும் பர்ஜ் வால்வு திறக்க, இன்ஜின் அதை உறிஞ்சி எரித்துவிடும். உறிஞ்சிய அளவுக்கு வெளிக்காற்று உள்ளே வர வேண்டுமே, அந்த வாசல்தான் வென்ட். அது சாதாரணமாகத் திறந்தே இருக்கும். கசிவு சோதனையின்போது மட்டும் கம்ப்யூட்டர் மூடும். வாசல் அடைத்துவிட்டால் ஓடும்போது டேங்க்கில் வெற்றிடம் ஏறும். பெட்ரோல் ஊற்றும்போதோ உள்ளே இருக்கும் ஆவி வெளியேற முடியாமல் கன்னை நிறுத்திவிடும். என் இரண்டு தொந்தரவுக்கும் இந்த ஒரே காரணம் பொருந்தியது.

ஆனால் பர்ஜ் வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டாலும் வெற்றிடம் ஏறும். முதலில் அதை விலக்க வேண்டும். வண்டி ஐடிலில் நிற்க, ஸ்கேனரில் பர்ஜ் 0%, அதாவது வால்வு மூடியிருக்க வேண்டும் என்று காட்டும்போது, கேனிஸ்டரிலிருந்து வரும் ஹோஸை வால்விலிருந்து கழற்றி வால்வின் வாயில் விரலை வைத்தேன். உறிஞ்சல் இல்லை. சரி, பர்ஜ் வால்வு ஒழுங்காக மூடுகிறது.

அடுத்து டேங்க் அழுத்த சென்சார். மூடி திறந்திருக்கும்போது பூஜ்ஜியத்தை ஒட்டியே நின்றது, அப்படியானால் அதன் சொல்லை நம்பலாம். மூடியைப் போட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்தால் அளவு கீழே இறங்கி அங்கேயே கிடந்தது. பர்ஜ் நின்ற பிறகும் ஏறவில்லை. வண்டிக்கு அடியில் போய், கேனிஸ்டரில் வென்ட் பக்கம் இருக்கும் ஹோஸைக் கழற்றினேன். அந்த நொடியே அளவு பூஜ்ஜியத்துக்கு ஏறிவிட்டது! இந்த ஒரே சோதனை பாதி வேலையை முடித்துவிட்டது. டேங்க்குக்கும் கேனிஸ்டருக்கும் இடையே வழி இருக்கிறது, கேனிஸ்டரும் அடைக்கவில்லை, அடைப்பு அதற்கு வெளியேதான். மாற்றச் சொன்ன பாகத்தில் குறையே இல்லை.

இனி மிச்சம் வென்ட் வால்வும், அதற்கப்பால் ஃபில்டர் வரை போகும் குழாயும். வால்வைக் கழற்றி, மின்சாரம் இல்லாமல் காற்றை விட்டால் தாராளமாகப் போனது. 12 வோல்ட் கொடுத்தால் டிக் என்று மூடியது. ஆக வால்வும் நல்லது. ஃபில்டர் டப்பாவைத் திறந்தபோது புழுதி கெட்டியாகப் படிந்திருந்தது. குழாயின் வாயில் சிலந்திக் கூடு. இது அபூர்வமும் இல்லை. வென்ட் குழாயில் சிலந்தி வலை கட்டி, டேங்க்கில் வெற்றிடம் ஏறி விரிசல் விடக்கூடும் என்று 2011-இல் மாஸ்டா நிறுவனம் அமெரிக்காவில் 50,000-க்கும் மேற்பட்ட மாஸ்டா 6 கார்களைத் திரும்ப அழைத்தது.

குழாயைக் கழற்றி வெளியே வைத்துத்தான் சுத்தம் செய்தேன். கம்ப்ரசர் காற்றை டேங்க்கோ கேனிஸ்டரோ இணைந்திருக்கும்போது அடிக்கவே கூடாது. அந்த அமைப்பு 1 பிஎஸ்ஐக்கும் குறைவான அழுத்தத்தில் வேலை செய்வது, வெடித்துப் பிளந்துவிடும். பெட்ரோல் ஆவி இருக்கும் இடம் என்பதால் திறந்த வெளியில், பொறி எதுவும் கிட்டே வராமல் பார்த்துக்கொண்டேன். ஃபில்டரை மட்டும் புதிதாகப் போட்டேன்.

பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டிப் பார்த்தபோது, பர்ஜ் நடந்தாலும் டேங்க் அழுத்தம் பூஜ்ஜியத்தை ஒட்டியே நின்றது. மானிட்டர், அதாவது கம்ப்யூட்டர் தானாகச் செய்யும் கசிவு சோதனை, முடியத்தான் பொறுமை வேண்டியிருந்தது. டேங்க் நிறைந்திருந்தாலும் காலியாக இருந்தாலும் அந்தச் சோதனை ஓடாது, இன்ஜின் நன்றாக ஆறியபின் ஸ்டார்ட் செய்திருக்கவும் வேண்டும். அப்புறம் ஒரு காலையில் அதுவும் முடிந்து 'ரெடி' காட்டியது, குறியீடு திரும்ப வரவில்லை.