போனபார்ட்ஸ் ரிட்ரீட்: பிடில் குறிப்புகள்

பிப்ரவரி 4

'போனபார்ட்ஸ் ரிட்ரீட்' (நெப்போலியனின் பின்வாங்கல்) என்ற அமெரிக்கப் பிடில் மெட்டுக்கு வயலினின் வழக்கமான ஜி-டி-ஏ-ஈ சுருதி (தடித்த தந்தியிலிருந்து மெல்லியது வரை) ஆகாது. டி-டி-ஏ-டி வேண்டும். நம் கணக்கில் மந்திர ஸ, மத்ய ஸ, ப, தார ஸ. நடுவில் உள்ள இரண்டு தந்திகளையும் தொட வேண்டாம். தடித்த தந்தியை ஜி-யிலிருந்து கீழ் டி-க்கு இறக்கி, பக்கத்து டி-யோடு சேர்த்து வில் போடுங்கள். இரண்டு ஒலிகளும் ஒத்துப்போகாமல் எழும் அலையடிப்பு அடங்கினால் சேர்ந்துவிட்டது. பிறகு மெல்லிய தந்தியை ஈ-யிலிருந்து டி-க்கு இறக்குங்கள். இதற்கு ஏ தந்தியில் மூன்றாம் விரல் வைத்து வரும் டி-யோடு ஒப்பிட வேண்டும்.

பிப்ரவரி 5

நேற்றைய சுருதி இன்று நிற்காது. தடித்த தந்தியின் இழுவிசை சுமார் 44 சதவீதம் குறைகிறது, மெல்லியதில் சுமார் 20 சதவீதம். குதிரை (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு) மேல் இருந்த பாரம் இறங்கியதும் தொடாத டி, ஏ தந்திகள் கொஞ்சம் ஏறிக்கொள்ளும். அதனால் நான்கையும் சேர்த்தபின் முதலிலிருந்து இன்னொரு சுற்று பார்க்க வேண்டும்.

தளர்ந்த தடித்த தந்தியில் வழக்கமான அழுத்தத்தோடு வில் போட்டால் முதலில் சுருதி தூக்கும், அடுத்து கரகரக்கும். தந்தியைக் குறை சொல்லிப் பயனில்லை, கையைத்தான் லேசாக்க வேண்டும். இந்தச் சுருதியிலேயே வயலினை வைத்திருப்பவர்கள் அந்த இடத்தில் கனமான தந்தி மாட்டிவிடலாம்.

பிப்ரவரி 8

இந்தச் சுருதியின் பெரிய லாபம் விரலில் தெரியும். மூன்று தந்திகள் டி என்பதால், ஒன்றில் பழகிய விரல் வரிசை மற்ற இரண்டிலும் அப்படியே செல்லும்: திறந்த தந்தி டி, முதல் விரல் ஈ, தள்ளி வைத்த இரண்டாம் விரல் எஃப் ஷார்ப், மூன்றாம் விரல் ஜி. ஈ தந்திக்குப் பழகிய கை, மேல் தந்தியில் முதல் விரலையே எஃப் ஷார்ப் என்று வைத்துவிடும். ஈ-தான் ஒலிக்கும். பலர் தடுமாறுவது இங்கேதான். அந்தத் தந்தியை மட்டும் தனியாக மெதுவாக வாசித்துப் பழகுங்கள்.

வில் பெரும்பாலும் இரண்டு தந்திகளில் படிந்தே ஓடவேண்டும். ஒன்று மெட்டு, மற்றது ரீங்காரம். ரீங்காரம் அறுந்தால் இந்த மெட்டில் பாதி போய்விட்டது என்றே சொல்வேன்.

பிப்ரவரி 11

நெப்போலியன் பெயரில் அமெரிக்கப் பிடில் மெட்டுகள் பல உண்டு. ரைன் நதியைக் கடப்பது ஒன்று, ஆல்ப்ஸைக் கடப்பது ஒன்று. இது பின்வாங்குவது. தென் மாநிலங்களில் இதைப் பொதுவாக மெதுவான படைநடையாகவே வாசித்தார்கள்; ரீங்காரம் பேக்பைப்புக்கு ஈடு.

கென்டக்கியின் பிடில் கலைஞர் பில் ஸ்டெப் அப்படி வாசிக்கவில்லை. 1937 அக்டோபரில் நாட்டுப்புறப் பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸும் அவர் மனைவி எலிசபெத்தும் சேலியர்ஸ்வில்லில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காக அவரை இசைத்தட்டில் பதிந்தார்கள். 1875-இல் பிறந்தவர், அறுபதைத் தாண்டியிருந்தார். படைநடையை ஆட்டத்துக்கு உகந்த வேகத்தில் பறக்கவிட்டார். பின்வாங்கும் படையின் சோர்வு அதில் துளியும் இல்லை, எனக்கு அதுதான் பிடித்தது.

பிப்ரவரி 15

அந்தப் பதிவைக் கேட்டுக் கேட்டு ஸ்வரம் எழுதியவர் ரூத் கிராஃபோர்ட் சீகர், தானே ஒரு இசையமைப்பாளர். ஆலனும் அவர் தந்தை ஜான் லோமாக்ஸும் 1941-இல் வெளியிட்ட பாடல் தொகுப்பில் அது 'போனிபார்ட்' என்ற தலைப்பில் அச்சானது. அமெரிக்க இசையமைப்பாளர் ஆரன் கோப்லண்ட் அங்கிருந்து எடுத்தார். 1942 அக்டோபரில் நியூயார்க்கில் அரங்கேறிய, ஆக்னஸ் டி மில் நடனம் அமைத்து கோப்லண்ட் இசையமைத்த 'ரோடியோ' பாலேயில் 'ஹோ-டவுன்' பகுதியின் முதன்மை மெட்டு இதுதான். பிற்காலத்தில் மாட்டிறைச்சி விளம்பரம் வழியாக அமெரிக்க வீடுகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது.

ஹோ-டவுனையும் ஸ்டெப்பையும் அடுத்தடுத்து கேளுங்கள். கோப்லண்ட் கற்பனையாகப் புனைந்தது என்று பலர் எண்ணும் வேகமும் துள்ளலும் ஸ்டெப்பின் வில்லில் முன்பே இருக்கின்றன. மெட்டின் பொதுவான வடிவத்தை வைத்துக்கொண்டு மட்டும் எழுதியிருந்தால் ஹோ-டவுன் இப்படி ஒலித்திருக்காது. ஒரு குறிப்பிட்ட மனிதரின் வாசிப்பு அது, சீகரின் காது அதைக் கைவிடவில்லை. கோப்லண்டின் பெயருக்குக் கிடைக்கும் கைதட்டலில் இவர்கள் இருவருக்கும் பங்கு உண்டு. தாளில் முழுதாக ஏறாதது வில்லின் எடை. வழக்கமான சுருதியில் வயலினுக்கு எட்டாதது அந்தக் கீழ் டி.

பிப்ரவரி 16

1950-இல் கன்ட்ரி இசைக்கலைஞர் பீ வீ கிங் இந்த மெட்டுக்குச் சொல் போட்டார். பாடகி கே ஸ்டார் பாடி வெற்றியாக்கினார். அது நடனப் பாட்டு, பிடில் கற்பவருக்கு அதிலிருந்து எடுக்க அதிகமில்லை.

பிப்ரவரி 19

கற்கும் வரிசை: முதலில் ரீங்காரத்தோடு மெதுவான படைநடை. அது நின்றபின் ஸ்டெப்பின் பதிவு, பாதி வேகத்தில். அச்சிட்ட ஸ்வரத்தைக் கடைசியில் திறந்தால் போதும்.

பழைய சுருதிக்குத் திரும்பும்போது தடித்த தந்தியை முதலில் ஏற்றுங்கள். மெல்லியதைக் கடைசியில், கொஞ்சம் கொஞ்சமாக, அவசரப்பட்டால் அறுந்துவிடும். ஏற்றும்போது குதிரையின் தலை, தந்தியை முறுக்கும் பிரடைப் பக்கம் சாயும். இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்தியபின் வில் எடுங்கள்.