மே 8: கீழ்வீட்டுப் பெரியவருக்கு அது துக்க நாள்

பிரான்ஸில் மே 8 வெற்றி நாள் விடுமுறை. மீன் குழம்பு வைத்திருந்தேன். கீழ்வீட்டு அல்ஜீரியப் பெரியவரைச் சாப்பிடக் கூப்பிட்டால், "இன்றைக்கு வேண்டாம் பிள்ளை, எங்கள் ஊரில் இது துக்க நாள்" என்று கதவைச் சாத்திக்கொண்டார். சுருக்கென்றது.

மறுநாள் அவரே கூஸ்கூஸ் கிண்ணத்தோடு வந்தார். மிச்சமிருந்த குழம்பை வியர்வையைத் துடைத்துத் துடைத்து இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அப்புறம்தான் பேச்சு வந்தது.

அவர் ஊர் அல்ஜீரியாவின் செத்திஃப். அப்போது அங்கே பிரெஞ்சு ஆட்சி. 1945-ல் ஜெர்மனி சரணடைந்த அன்று அங்கே ஊர்வலம். அல்ஜீரியக் கொடி பிடித்த சாரண இளைஞர் புசீத் சால் என்பவரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. தொடர்ந்த கலவரத்தில் ஐரோப்பியர் சுமார் நூறு பேர் இறந்தார்கள். அதற்குப் பதிலாக ராணுவம் ஆயிரக்கணக்கான அல்ஜீரியர்களைக் கொன்றது. இவருடைய சித்தப்பா பிரான்ஸுக்காக இத்தாலியில் சண்டை போட்டுவிட்டு ஊர் திரும்பினால், வீட்டில் அண்ணன் இல்லை.

நிலம் பறிபோனது, முஸ்லிம்களுக்கென்று தனித் தண்டனைச் சட்டம், இவையெல்லாம் பழைய குறைகள். எனக்கு ஆறாதது வாக்குரிமை விஷயம். 1947-ல் கொடுத்த சட்டசபையில் பத்து லட்சத்துக்கும் குறைவான ஐரோப்பியர்களுக்கு 60 இடம். அவர்களைப் போல எட்டு மடங்குக்கு மேலிருந்த முஸ்லிம்களுக்கும் அதே 60. அடுத்த ஆண்டுத் தேர்தலில் அதிலும் மோசடி. கேட்டுப் பெறலாம் என்று நம்பியவர்கள் இனி எங்கே போய்க் கேட்பார்கள்? 1954 நவம்பர் 1 அன்று அல்ஜீரிய விடுதலைப் போர் தொடங்கியது.

அதே நாளில்தான் எங்கள் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையை விட்டு இந்தியாவுக்கு வந்தது! இரண்டு இடத்துக்கும் ஒரே பிரெஞ்சுப் பிரதமர், மெந்தேஸ் பிரான்ஸ். கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, 170 பேர் இணைப்புக்கு வாக்களித்ததோடு காரியம் முடிந்தது. எங்களிடம் விடாப்பிடியாக நிற்கக் குடியேறிகள் கூட்டம் இல்லை. அல்ஜீரியாவையோ பிரான்ஸின் ஒரு பகுதி என்றே சொன்னார்கள். அதைக் கைவிட 1962 வரை ரத்தம் சிந்த வேண்டியிருந்தது.

இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது. குளிர்கூடப் பெரிதாகத் தெரிவதில்லை. ஆனாலும் நவம்பர் 1 வந்தால் மனசு கடற்கரைச் சாலை அணிவகுப்புக்குப் போய்விடுகிறது. அங்கிருந்து முத்தியால்பேட்டைக்கு, எங்கள் தெரு சொல்தா (பிரெஞ்சு ராணுவச் சிப்பாய்) தாத்தா வீட்டுத் திண்ணைக்கு. பிரெஞ்சுப் பென்ஷனில் எங்களுக்கெல்லாம் மிட்டாய் வாங்கித் தருவார். இந்தோசீனா பற்றி மணிக்கணக்கில் பேசுவார். அல்ஜீரியாவிலும் இருந்தவர்தான்; அதைப் பற்றி மட்டும் வாயே திறந்ததில்லை.

பெரியவரிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை. சொல்லத்தான் வேண்டும்.